எந்த வயர் ஆன்டெனா போடலாம், எப்படி ட்யூன் செய்வது?

உங்கள் கேள்வி சுருக்கமாக இது: ஹாம் (அமெச்சூர் வானொலி) உரிமம் கைக்கு வந்துவிட்டது, 100 வாட் சிற்றலை ரேடியோவும் இருக்கிறது. கம்பி இழுக்க ஏறத்தாழ 22 மீட்டர் இடம் உண்டு. ஒரு முனையில் மரம், மறுமுனையில் கட்டடம். 40 மீட்டர் (7 மெகாஹெர்ட்ஸ்), 20 மீட்டர் (14 மெகாஹெர்ட்ஸ்) அலைநீள பேண்டுகளில் பேச வேண்டும். நடுவில் கேபிள் இணையும் டைபோல் போடு என்கிறார் ஒருவர், ஒரு முனையில் இணையும் எண்ட்-ஃபெட் போதும் என்கிறார் இன்னொருவர், ஜி5ஆர்வி போட்டால் எல்லா பேண்டும் கிடைக்கும் என்கிறார் மூன்றாமவர். எதைப் போடுவது? போட்ட பிறகு எஸ்.டபிள்யூ.ஆரை (50 ஓம் கேபிளோடு ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் நிலை அலை விகிதம், முழுப் பொருத்தம் 1.0) 1.1-க்கு இறக்குவது எப்படி?

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதில் ஒளிந்திருக்கும் எதிர்பார்ப்பு ஆன்டெனாத் தேர்வையே கெடுத்துவிடும். 1.1 உங்களுக்குத் தேவையில்லை. எஸ்.டபிள்யூ.ஆர். 1.5 என்றால் ஆன்டெனாவிலிருந்து திரும்பி வருவது 4 சதவீதம். 2 என்றால் 11 சதவீதம். 3 என்றால் 25. அந்த 11 சதவீதம் முழுவதும் வீணானதாகவே வைத்துக்கொண்டாலும் இழப்பு அரை டெசிபல்தான். ரேடியோவில் சிக்னல் வலுவைக் காட்டும் எஸ் மீட்டரில் ஒரு புள்ளிக்கு 6 டெசிபல். எதிர்முனையில் கேட்பவரால் இந்த வித்தியாசத்தை உணரவே முடியாது. 2-க்கு மேல் போனால் பெரும்பாலான ரேடியோக்கள் தம்மைக் காத்துக்கொள்ளச் சக்தியைக் குறைத்துவிடும். 2-க்குள் வைத்திருக்கச் சொல்வது முக்கியமாக அதற்காகத்தான். 1.8-ஐ 1.1 ஆக்க ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழிப்பதைவிட, அதே கம்பியை இன்னும் 2 மீட்டர் உயர்த்த அந்த நாளைச் செலவழிப்பது மேல்.

எஸ்.டபிள்யூ.ஆர். குறைந்தால் ஆன்டெனா நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. சக்தியை வெப்பமாக்கி விழுங்கும் 50 ஓம் மின்தடையான டம்மி லோடைச் செருகிப் பாருங்கள், எல்லா பேண்டிலும் 1.0 காட்டும், ஒருவருக்கும் கேட்காது. மெல்லிய, நீண்ட கேபிளும் இப்படித்தான் ஏமாற்றும். ஒரு வழியில் 3 டெசிபல் இழப்புள்ள கேபிளின் மறுமுனையில் எதையும் இணைக்காமல் விட்டாலும், ரேடியோ பக்கத்தில் 3-தான் காட்டும். உண்மையில் அது முடிவிலி.

இதைவிட அழகான உதாரணம் கால் அலை வெர்டிக்கல், அதாவது கால் அலைநீள உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கும் ஆன்டெனா. நல்ல தரையமைப்பு இருந்தால் அதன் இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்குக் காட்டும் மொத்தத் தடை) 36 ஓம் அளவில் இருக்கும், 50 ஓம் கேபிளில் எஸ்.டபிள்யூ.ஆர். 1.4 வரும். அடியிலிருந்து தரையில் விரியும் ரேடியல் கம்பிகளை இரண்டு மூன்றோடு நிறுத்தியவருக்குத் தரை இழப்பாக 14 ஓம் சேர்ந்தால் மொத்தம் சரியாக 50 ஓம். மீட்டரில் 1.0. அவர் மகிழ்ச்சியாக இருப்பார், ஆனால் அனுப்பும் சக்தியில் 28 சதவீதம் மண்ணைச் சூடாக்கிக்கொண்டிருக்கும். இன்னும் இருபது ரேடியல் போட்டால் ஆன்டெனா தேறும், எஸ்.டபிள்யூ.ஆர். ஏறும். மீட்டரை மட்டும் நம்புகிறவர் புதிய ரேடியல்களைக் கழற்றிவிடுவார்.

சரி, தேர்வுக்கு வருவோம். ஆன்டெனாவின் பெயரைத் தேடுவதற்கு முன் இரண்டு விஷயங்களைத் தீர்மானியுங்கள்: யாரோடு பேச வேண்டும், கம்பியின் நடுப்பகுதியை எவ்வளவு உயரத்தில் நிறுத்த முடியும்.

கிடைமட்டக் கம்பியின் நடத்தையைத் தீர்மானிப்பது உயரம். அதை மீட்டரில் பார்க்காதீர்கள், அலைநீளத்தில் பாருங்கள். 10 மீட்டர் உயரத்தில் ஒரு கம்பி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 40 மீட்டர் பேண்டில் அது கால் அலைநீளம். கதிர்வீச்சின் பெரும்பகுதி நேர் மேலே போய் அயனி மண்டலத்தில் பட்டு, சுற்றியுள்ள சில நூறு கிலோமீட்டருக்குள் இறங்கும். பகலில் பக்கத்து ஊர்க்காரர்களோடு பேச இதுதான் வேண்டும். அதே 10 மீட்டர் 20 மீட்டர் பேண்டில் அரை அலைநீளம். அங்கே கதிர்வீச்சு தரையிலிருந்து 30 பாகை கோணத்தில் புறப்படும், கம்பிக்குக் குறுக்கான இரண்டு திசைகளில் வலுவாக, கம்பியின் முனைத் திசைகளில் பலவீனமாக. தூரத்து நாடுகளுக்கு ஏற்ற கோணம் அது. ஆக, ஒரே உயரம் இரண்டு பேண்டில் இரண்டு வேலை செய்கிறது. "40 மீட்டரில் எனக்கு வெளிநாடு கிடைக்கவில்லை, ஆன்டெனாவில் கோளாறு" என்பவர்களில் பலருக்குக் கோளாறு எதுவும் இல்லை. 40 மீட்டரில் 30 பாகைக் கோணம் வேண்டுமென்றால் கம்பி 20 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். அது எல்லோருக்கும் வாய்க்காது.

இரவில் இன்னொன்று நடக்கும். அயனி மண்டலத்தின் செறிவு குறைந்து, நேர் மேலே போகும் 7 மெகாஹெர்ட்ஸ் அலை திரும்பி வராமல் விண்வெளிக்குப் போய்விடும். அப்போது பக்கத்து நிலையங்கள் மறைந்து தூரத்து நிலையங்கள் மேலே வரும். இதையும் ஆன்டெனாவின் தலையில் போட வேண்டாம்.

22 மீட்டர் இடத்துக்கு என் பரிந்துரை தயக்கமில்லாமல் நடுவில் ஊட்டும் (கேபிளை நடுவில் இணைக்கும்) அரை அலை டைபோல். 40 மீட்டருக்கு ஒரு ஜோடிக் கால்கள், அதே மையத்திலிருந்து 20 மீட்டருக்கு இன்னொரு ஜோடி. விசிறி டைபோல் என்று சொல்வது இதைத்தான். 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அரை அலைக் கம்பியின் நீளம் மீட்டரில் வரும். 7.1-க்கு 20.1 மீட்டர், 14.2-க்கு 10.1 மீட்டர். இரண்டு முனையிலும் கயிற்றுக்கு இடம் விட்டாலும் 22 மீட்டருக்குள் அடங்கிவிடும். நடுவில் உயரமான கம்பம் ஒன்று கிடைத்தால் இன்வர்டெட் வி ஆக, அதாவது தலைகீழ் V வடிவில், தொங்கவிடலாம். கால்களுக்கு இடைப்பட்ட கோணம் 90 பாகைக்குக் குறையக் கூடாது, 120 இருந்தால் நல்லது. அதில் ஒரு லாபம் உண்டு. தட்டையான டைபோல் கால் அலை உயரத்தில் 80 ஓமுக்குச் சற்று மேல் காட்டும், கால்களைச் சரித்தால் அது 50 ஓமை நெருங்கும்.

அரை அலைக் கம்பியில் மின்னோட்டம் நடுவில் உச்சம், முனைகளில் கிட்டத்தட்ட சுழியம். கதிர்வீச்சைத் தருவது மின்னோட்டம். அதனால் நடுப்பகுதி உயரமாகவும் தெளிந்த வெளியிலும் இருக்க வேண்டும். முனைகள் எப்படிப் போனாலும் அவ்வளவு கவலை வேண்டாம். இடம் போதவில்லையென்றால் கடைசி ஒன்றரை, இரண்டு மீட்டரைக் கீழே தொங்கவிடுங்கள், பக்கவாட்டில் மடியுங்கள். நீளத்தைச் சற்றுத் திருத்த வேண்டிவரும், மற்றபடி நஷ்டம் மிகக் குறைவு. முனைகளில் மின்னழுத்தம் அதிகம் என்பதை மட்டும் மறக்காமல், கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

விசிறி டைபோலில் சிறிய கால்களின் முனை, பெரிய கால்களிலிருந்து அரை மீட்டராவது விலகி இருக்கட்டும். ஒட்டி இருந்தால் ஒன்றை ஒன்று இழுக்கும், பேண்ட் அகலமும் குறுகும். முதலில் 40 மீட்டர் ஜோடியைச் சரிசெய்து, பிறகு 20 மீட்டர் ஜோடியைத் தொடுங்கள், கடைசியில் மறுபடி 40-ஐச் சரிபாருங்கள். சிறிய ஜோடியின் நீளம் சூத்திரத்திலிருந்து விலகியே நிற்கும், அதனால் தாராளமான நீளத்தில் வெட்டுங்கள்.

40 மீட்டர் டைபோல் 15 மீட்டர் பேண்டிலும் சும்மாவே வேலை செய்யும் என்பார்கள், மூன்று மடங்கு அதிர்வெண் என்பதால். பாதி உண்மை. கம்பியை அரை அலைநீளத்தைவிடச் சற்றுக் குட்டையாக வெட்ட வேண்டியிருப்பதற்குக் காரணம் அதன் முனைகள். மூன்று அரை அலை வந்தாலும் முனை இரண்டுதான். அதனால் 7.1-க்கு வெட்டிய கம்பி 21.3-இல் நிற்காது, 21.45 என்ற பேண்ட் எல்லையைத் தாண்டி 22-ஐ நெருங்கி ஒத்ததிரும். ரேடியோவுக்குள் இருக்கும் ட்யூனர் இந்த வித்தியாசத்தைச் சமாளித்துவிடும். 40 மீட்டரில் நீங்கள் பேசுவது பேண்டின் அடிப்பகுதி என்றால் இன்னும் எளிது.

எண்ட்-ஃபெட் அரை அலை இப்போது எங்கும் பரவியிருப்பதற்குக் காரணம் வசதி. நடுவில் கேபிள் தொங்காது, ஒரு முனையை ஜன்னலருகே கட்டிவிடலாம். மரத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவில் எந்தத் தாங்கலும் இல்லாத உங்களைப் போன்றவர்களுக்கு இதுவே முதலில் மனதில் வரும். போடக் கூடாது என்று சொல்ல மாட்டேன், அதன் கணக்கைத் தெரிந்துகொண்டு போடுங்கள்.

அரை அலைக் கம்பியின் முனையில் இம்பீடன்ஸ் சில ஆயிரம் ஓம். 49:1 மின்மாற்றி 2450 ஓமை 50 ஆக்குகிறது. எஃப்டி240-43 ஃபெரைட் வளையத்தில் முதன்மைச் சுற்று 2, இரண்டாம் சுற்று 14 என்பது பரவலான கட்டமைப்பு. ரேடியோ பக்கச் சுற்றுக்குக் குறுக்கே 100 பிகோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று, மேல் பேண்டுகளைச் சரிக்கட்ட. 10 முதல் 20 சதவீதம் சக்தி அந்த வளையத்திலேயே வெப்பமாவது சாதாரணம். கம்பியில் ஏற்றும் முன் மேசையில் வைத்து, கம்பி வரும் இடத்தில் 2200 ஓமும் 220 ஓமும் தொடராக இணைத்து அளந்து பாருங்கள். இரண்டும் கார்பன் அல்லது மெட்டல் ஃபிலிம் வகையாக இருக்கட்டும், கம்பி சுற்றியது வேண்டாம். இங்கேயே எஸ்.டபிள்யூ.ஆர். மோசமென்றால் கம்பியை வெட்டிப் பயனில்லை. 100 வாட் ஏறும்போது 2450 ஓமில் ஏறத்தாழ 500 வோல்ட், உச்சத்தில் 700. கெபாசிட்டரையும் பெட்டியையும் அதற்கேற்பத் தேர்ந்தெடுங்கள், குழந்தைகள் கை வைக்காத இடத்தில் கட்டுங்கள்.

"தரை இணைப்பே வேண்டாம்" என்பது எண்ட்-ஃபெட் பற்றிச் சொல்லப்படும் பெரிய பொய். கம்பிக்குள் போகும் மின்னோட்டம் எவ்வளவோ, அதே அளவு மறுமுனையத்திலும் போய்த்தான் ஆக வேண்டும். நீங்கள் வழி கொடுக்காவிட்டால் அது கேபிளின் வெளிப்பின்னலை எடுத்துக்கொள்ளும். கேபிள் ஆன்டெனாவின் பாகமாகிவிடும், வீட்டுக்குள் மைக்கில் சுருக்கென்று இழுக்கும், கணினி தானாக மறுதொடக்கம் ஆகும். அலைநீளத்தில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 40 மீட்டருக்கு 2 மீட்டர் கம்பியை மின்மாற்றியின் தரை முனையில் கட்டுங்கள், அதற்கடுத்து கேபிளில் ஒரு சோக் (வெளிப்பின்னலில் ஓடும் மின்னோட்டத்தைத் தடுக்கும் சுருள்) போடுங்கள். பாதிப் பிரச்சினைகள் அங்கேயே தீரும்.

எண்ட்-ஃபெட் 7, 14, 21, 28 என்று மடங்குகளில் வேலை செய்வதுதான் அதன் கவர்ச்சி. ஆனால் மேலே சொன்ன முனை விவகாரம் இங்கேயும் உண்டு. 40 மீட்டரைச் சரியாக 7.1-இல் நிறுத்தினால் 20 மீட்டர் ஒத்ததிர்வு 14.35-க்கு மேலே போய் நிற்கும். எனவே கம்பியைச் சற்று நீளமாக விட்டு, 40-ஐ 7.0 அருகே நிறுத்தி, 20-ஐப் பேண்டுக்குள் இழுத்துவருவதுதான் சமரசம். எஸ்.டபிள்யூ.ஆர். வளைகோடு அகலமாக இருப்பதால் இரண்டிலும் 2-க்குள் அடங்கும்.

மூன்றில் ஒரு பங்கில் ஊட்டும் டைபோலும் இருக்கிறது, 4:1 பாலுனோடு (கம்பியின் இரண்டு கால்களையும் கேபிளோடு பொருத்தும் மின்மாற்றி). 20 மீட்டர் கம்பியை 6.7, 13.4 என்று பிரித்தால் 40, 20, 10 கிடைக்கும். 15 மீட்டர் கிடைக்காது, ஏனென்றால் அங்கே ஊட்டும் இடத்தில் மின்னோட்டம் சுழியமாகிறது. இதை விண்டம் என்று விற்கிறார்கள். லோரன் விண்டம் 1929-இல் க்யூஎஸ்டி என்ற ஹாம் இதழில் எழுதியது ஒற்றைக் கம்பியால் ஊட்டும் ஆன்டெனா பற்றி. கேபிளும் பாலுனும் பின்னால் வந்து சேர்ந்தவை. இரண்டு கால்களும் சமமில்லாததால் கேபிளின் வெளிப்பக்கம் மின்னோட்டம் ஏறுவது இதிலும் அதிகம், நல்ல கரண்ட் பாலுன் இல்லாமல் போடாதீர்கள்.

ஜி5ஆர்வி உங்கள் இடத்தில் அடங்காது. லூயி வார்னி 1946-இல் வடிவமைத்த அந்த ஆன்டெனாவின் மேல்கம்பி 31.1 மீட்டர். அவர் அதை 14 மெகாஹெர்ட்ஸில் மூன்று அரை அலையாக வேலை செய்யவே அளந்தார். கீழே தொங்கும் ஓப்பன் வயர் (இடைவெளி விட்டு இணையாக ஓடும் இரு கம்பிகள்) பகுதி 10.36 மீட்டர், அதே பேண்டில் அரை அலை. மற்ற பேண்டுகளில் ட்யூனர் வேண்டும் என்பது வடிவமைப்பிலேயே இருந்தது. "ட்யூனர் இல்லாமல் எல்லா பேண்டும்" என்பது பின்னாளில் ஒட்டிக்கொண்ட விளம்பரம்.

இங்கே ட்யூனரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ரேடியோ பக்கத்தில் இருக்கும் ட்யூனர் ஆன்டெனாவை ட்யூன் செய்வதில்லை. ரேடியோவுக்கு 50 ஓம் காட்டுகிறது, அவ்வளவுதான். அதற்கு அப்பால் கேபிளில் எஸ்.டபிள்யூ.ஆர். அப்படியே இருக்கும். 30 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள், 14 மெகாஹெர்ட்ஸ், ஆன்டெனாவில் எஸ்.டபிள்யூ.ஆர். 10 என்று வைத்துக் கணக்குப் போட்டால் மொத்த இழப்பு 5 டெசிபல் வரும். 100 வாட்டில் ஆன்டெனாவுக்குப் போய்ச் சேர்வது மூன்றில் ஒரு பங்கு. ட்யூனரின் முகப்பில் மட்டும் 1.0. அதே நிலையில் 450 ஓம் ஓப்பன் வயர் போட்டிருந்தால் பத்தில் ஒரு பங்குதான் போயிருக்கும். அதனால் பல பேண்டுகளுக்கு ஒரே கம்பி வேண்டும் என்பவர்கள், எந்த பேண்டிலும் ஒத்ததிராத, இரு சம கால்கள் கொண்ட டபுளெட்டை ஓப்பன் வயரால் ஊட்டி, சமநிலை ட்யூனரோடு வைத்துக்கொள்கிறார்கள். நல்ல முறை. என்ன, அந்த ஃபீடர் சுவரிலும் உலோகத்திலும் ஒட்டாமல் வீட்டுக்குள் வர வேண்டும், அதுதான் தலைவலி.

9:1 மின்மாற்றியோடு ஏதோ ஒரு நீளக் கம்பி என்பது பயணத்துக்குச் சரி. அரை அலையின் மடங்குகளைத் தவிர்க்க வேண்டும் என்பதால் 12.5 மீட்டர், 17.7 மீட்டர் போன்ற நீளங்கள் புழக்கத்தில் உள்ளன. வீட்டில் நிரந்தரமாகப் போட இதைவிட நல்ல வழிகள் இருக்கின்றன. முழு அலை லூப் அருமையான ஆன்டெனா. ஆனால் 40 மீட்டருக்கு 43 மீட்டர் கம்பியும் மூன்று தாங்கல்களும் வேண்டும்.

கம்பி எது? 7 மெகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் செம்பின் மேற்பரப்பில் ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு ஆழத்துக்குள்தான் ஓடுகிறது. எனவே தடிமனால் மின்சார லாபம் பெரிதாக இல்லை, கம்பி அறுந்து விழாமல் இருந்தால் போதும். வீட்டு வயரிங்குக்கு வரும் 1.5 அல்லது 2.5 சதுர மில்லிமீட்டர் பிவிசி வயர் நன்றாகவே வேலை செய்யும். மென்செம்பு நாளடைவில் நீளும், ஒத்ததிர்வு மெல்லக் கீழே இறங்கும். பிளாஸ்டிக் உறை உள்ள கம்பி, உறையில்லாததைவிடச் சில சதவீதம் குட்டையாக இருக்க வேண்டும். மரத்தில் கட்டும் முனையை இறுக்கிக் கட்டாதீர்கள். கயிற்றைக் கப்பியில் ஓட்டி முனையில் ஒரு எடையைத் தொங்கவிட்டால், காற்றில் மரம் ஆடும்போது எடை ஏறி இறங்கும், கம்பி பிழைக்கும். கேபிளின் மேல்முனையை நீர் புகாமல் அடைப்பதில் கஞ்சத்தனம் கூடாது. பின்னலுக்குள் ஒருமுறை நீர் போய்விட்டால் அந்தக் கேபிள் அவ்வளவுதான். விநோதம் என்னவென்றால், அப்போது எஸ்.டபிள்யூ.ஆர். எல்லா பேண்டிலும் "நன்றாக" ஆகத் தொடங்கும். காரணமில்லாமல் வளைகோடு தட்டையானால் சந்தோஷப்படாமல் கேபிளைச் சோதியுங்கள்.

மின்கம்பி எதற்கும் அருகில் ஆன்டெனா போகக் கூடாது. இப்போது எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்க்காமல், அறுந்தால் எது எதன்மேல் விழும் என்றும் பாருங்கள். இடி இருக்கும்போது கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள்.

இனி ட்யூன் செய்யும் வேலை. சூத்திரம் தந்த நீளத்தைவிட 3 சதவீதம் கூட்டி வெட்டுங்கள். முனையில் வெட்டிக்கொண்டே போகாமல், கம்பியை இன்சுலேட்டரில் நுழைத்துத் தன்மேலேயே பின்னுக்கு மடித்து ஒட்டி முறுக்குங்கள். மடித்த பகுதி மின்சாரரீதியாக ஏறக்குறைய இல்லாததற்குச் சமம், திருப்பி நீட்டவும் முடியும். கடைசியில் எல்லாம் சரியான பிறகும் பத்து சென்டிமீட்டர் மடிப்பை விட்டு வையுங்கள்.

அளப்பதற்கு நானோ வி.என்.ஏ. போன்ற சிறு கருவி போதும். ஓப்பன், ஷார்ட், லோடு மூன்றையும் வைத்து, அளக்கப்போகும் அதிர்வெண் வீச்சுக்கே அளவுத்திருத்தம் செய்யுங்கள். ஆன்டெனா வேலை செய்யப்போகும் உயரத்தில்தான் அளவு எடுக்க வேண்டும். நெஞ்சு உயரத்தில் கட்டி அளந்தால் தரையின் அருகாமை ஒத்ததிர்வைக் கீழே இழுத்திருக்கும், மேலே ஏற்றியதும் எண் மாறிவிடும். ஏற்றி இறக்கும் கயிறு வசதியாக இருந்தால் இந்த வேலை பாதி முடிந்த மாதிரி.

எஸ்.டபிள்யூ.ஆர். எவ்வளவு என்று முதலில் பார்க்காதீர்கள். அடிமட்டம் எந்த அதிர்வெண்ணில் விழுகிறது என்று பாருங்கள், நீளத்தைச் சரிசெய்யத் தேவையான தகவல் அதுதான். புதிய நீளம் கண்டுபிடிக்க, இப்போதைய நீளத்தை அளந்த அதிர்வெண்ணால் பெருக்கி வேண்டிய அதிர்வெண்ணால் வகுக்க வேண்டும். 20.4 மீட்டர் கம்பி 6.95-இல் அடிமட்டம் காட்டுகிறது, உங்களுக்கு 7.1 வேண்டும் என்றால், 20.4 × 6.95 ÷ 7.1 = 19.97. மொத்தம் 43 சென்டிமீட்டர் குறைய வேண்டும், பக்கத்துக்கு 21. முதலில் 18 மடியுங்கள், மறுபடி அளந்து பாருங்கள். 40 மீட்டர் டைபோலில் மொத்த நீளத்தில் ஒரு சென்டிமீட்டர் மாறினால் அதிர்வெண் ஏறத்தாழ 3.5 கிலோஹெர்ட்ஸ் நகரும். 20 மீட்டர் டைபோலில் 14 கிலோஹெர்ட்ஸ். இதைத் தெரிந்து வைத்திருந்தால், மழை நாளில் நனைந்த கம்பி சில பத்து கிலோஹெர்ட்ஸ் கீழே இறங்கினாலும் பதறி ஏணி ஏற மாட்டீர்கள்.

அடிமட்டம் சரியான அதிர்வெண்ணில் விழுந்துவிட்டது, ஆனால் 1.6-க்குக் கீழே வரவில்லை. இப்போது என்ன? நீளத்தை இனித் தொடாதீர்கள். நீளம் அடிமட்டத்தை இடமும் வலமும்தான் நகர்த்தும். ஆழத்தைத் தீர்மானிப்பது 50 ஓமிலிருந்து ஆன்டெனாவின் மின்தடை எவ்வளவு விலகியிருக்கிறது என்பது. தட்டையான 40 மீட்டர் டைபோல் 10 மீட்டர் உயரத்தில் 1.6 காட்டுவது முற்றிலும் இயல்பு. உறுத்தினால் கால்களைச் சரியுங்கள், இல்லையென்றால் அப்படியே விட்டுவிட்டுப் பேசத் தொடங்குங்கள்.

கருவியைக் கேபிளின் கீழ்முனையில் வைத்து அளக்கும்போது ஒரு குழப்பம் வரும். மின்தடை, ரியாக்டன்ஸ் (ஒத்ததிர்வில் சுழியமாகும் எதிர்ப்பு) என்று அது காட்டும் எண்களைக் கேபிளின் நீளம் மாற்றிவிடும். எனவே "ரியாக்டன்ஸ் சுழியம் ஆகும் இடம்" என்பதை அங்கே தேடுவதில் பொருளில்லை. கேபிளைச் சேர்த்து அதன் மேல்முனையில் அளவுத்திருத்தம் செய்திருந்தால் மட்டும் அந்த எண்கள் ஆன்டெனாவுடையவை. எஸ்.டபிள்யூ.ஆரின் அடிமட்டம் மட்டும் நல்ல கேபிளில் இடம் மாறாது. இதிலிருந்து ஒரு எளிய சோதனை கிடைக்கிறது. இடையில் இரண்டு மீட்டர் கேபிளைக் கூடுதலாகச் சேர்த்துப் பாருங்கள். அடிமட்டம் கணிசமாக நகர்ந்தால், அல்லது கேபிளைக் கையால் பிடித்ததும் எண் மாறினால், கேபிளின் வெளிப்பக்கம் மின்னோட்டம் ஓடுகிறது.

அதற்கு மருந்து சோக். எஃப்டி240-31 வளையத்தில் ஆர்ஜி-58 கேபிளைப் பத்து, பன்னிரண்டு சுற்று சுற்றி, ஊட்டும் இடத்திலேயே வையுங்கள். டைபோலுக்கும் இது வேண்டும். சமநிலையான ஆன்டெனாவைச் சமநிலையற்ற கேபிளோடு இணைக்கிறோம் அல்லவா. வளையம் இல்லாமல் கேபிளை வெறுமனே காற்றில் சுருட்டி வைப்பதும் உண்டு, ஆனால் அது குறுகிய அதிர்வெண் வீச்சில்தான் நன்றாகத் தடுக்கும். சோக்கின் பெரிய பலன் அனுப்பும்போது தெரிவதைவிடக் கேட்கும்போது தெரியும். எல்இடி விளக்கு, சார்ஜர் இவற்றின் இரைச்சல் கேபிளின் வெளிப்பின்னலில் ஏறி ஆன்டெனா வரை போய் உள்ளே நுழைகிறது. சோக் அந்த வழியை அடைக்கும். வீட்டைச் சுற்றி இரைச்சல் அதிகமென்றால், முனையை ஜன்னலில் கட்டும் எண்ட்-ஃபெட்டைவிட நடுவில் ஊட்டும் டைபோலை நான் முன்னே வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். டைபோலின் மின்னோட்டம் மிகுந்த பகுதி வீட்டிலிருந்து பத்து மீட்டர் தள்ளி இருக்கிறது.

எல்லாம் கட்டி முடித்து எஸ்.டபிள்யூ.ஆரும் ஒழுங்கானபின், ஆன்டெனா நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? "நேற்று ஐந்தொன்பது கொடுத்தார்" என்று எதிர்முனைக்காரர் தந்த சிக்னல் மதிப்பெண்ணை வைத்து அல்ல. சிற்றலையில் சிக்னல் சில நிமிடங்களுக்குள் 10, 20 டெசிபல் ஏறி இறங்கும். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஜோ டெய்லர் 2008-இல் வெளியிட்ட விஸ்பர் (WSPR) முறை இதற்கென்றே செய்தது போல உதவும். இரண்டு நிமிடத்துக்கு ஒரு அனுப்புதல், ஒரு வாட்டுக்கும் குறைவான சக்தி போதும், கேட்ட நிலையங்கள் எத்தனை டெசிபலில் கேட்டன என்று தாமாகவே இணையத்தில் பதிந்துவிடும். 40 மீட்டரில் டயல் 7.0386 மெகாஹெர்ட்ஸ், 20 மீட்டரில் 14.0956. இரண்டு ஆன்டெனாக்களை ஒப்பிட வேண்டுமென்றால் ஒரு முறை இதில், மறுமுறை அதில் என்று மாற்றி மாற்றி அனுப்புங்கள், இரண்டையும் கேட்ட அதே நிலையங்களின் எண்களை மட்டும் கழித்து, நிறைய அளவுகளின் சராசரியைப் பாருங்கள். ஒரு மாலை நேரப் பதிவை வைத்து முடிவெடுக்க வேண்டாம், பகலும் இரவும் தனித்தனியே பாருங்கள்.

பார்க்கும்போது பக்கத்து நிலையங்களையும் தூரத்து நிலையங்களையும் பிரித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் டைபோல் வெல்லும், ஆயிரக்கணக்கான கிலோமீட்டரில் தாழ்வான டைபோலை வெர்டிக்கல் வெல்லும் என்பது அடிக்கடி காணும் முடிவு. உங்கள் எண்களும் அப்படி வந்தால் கம்பியின் நீளத்தில் கை வைக்காதீர்கள். மரத்தில் இன்னும் மேலே ஒரு கிளை இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் ரேடியல்களுக்குக் கம்பி வாங்குங்கள்.